வேலி தாண்டிய நீலச் சோளம்

பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் இருந்த முதல் குறை. குண்டசாலையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பால் ஊற்றுகிறவன் ஊருக்கெல்லாம் தண்ணீர் கலந்து ஊற்றுவான், அவருக்கு மட்டும் கறந்தபடி ஊற்றுவான். கண்டிக்குப் போகிற பஸ் நான் கையை ஆட்டினாலும் நிற்காது. அவர் குடையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், ஓரமாக வந்து நிற்கும், கொண்டக்டர் கீழே இறங்கிப் பையை வாங்குவான். அவர் நட்ட கறிவேப்பிலை மரமாகிவிட்டது. அதே நாற்றில் அவரே எனக்குத் தந்தது இரண்டு இலையோடு நின்று செத்தது. இத்தனைக்கும் அவர் பெருமையடிக்கிற ஆளும் இல்லை. பெருமையடித்தாலாவது பின்னால் போய் ஏதாவது பேசலாம். அதற்கும் வழியில்லை.

அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவருடைய கணவர் கண்டிப் பக்கத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் கொழும்பில். நாங்கள் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் வீட்டுக்காரர் கண்டியில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்தார். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் பல வருடம் குடியிருந்துவிட்டு, குண்டசாலையில் சின்னதாக ஒரு வீடும் கொஞ்ச மண்ணும் வாங்கி வந்திருந்தோம். நான் வீட்டில் மெஷின் போட்டுச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்ளுக்கம்பி வேலிதான்.

எனக்குப் பொறாமை. இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. தடிமன், இருமல் மாதிரி அதுவும் உடம்புக்கு வருகிற ஒன்றுதான், சிலருக்கு அடிக்கடி வரும். ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதை நினைத்து நினைத்துத்தான் நான் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிம்மதியாகத் தூங்கினேன். அது என் அக்காவின் சோளம்.

தோட்டத்தில் அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. எல்லாரும் அங்கே பீன்ஸ், முள்ளங்கி போடுவார்கள். அக்கா மட்டும் சோளம் போடுவாள். அவள் புகுந்த வீட்டில் யாரோ வைத்திருந்த விதை, எங்கிருந்து வந்ததென்று ஒருத்தருக்கும் தெரியாது. கடையில் விற்கிற மஞ்சள் சோளம் இல்லை அது. தோலை உரித்தால் ஒரு மணி நீலம், பக்கத்தில் ஒன்று கறுப்பு, அடுத்தது ஊதா, அதற்கடுத்தது பால் வெள்ளை. ஒரு கதிர் மாதிரி இன்னொரு கதிர் இருக்காது. சில செடியில் மாத்திரம் கதிர் முழுக்க மருதாணி பிடித்த நகம் போலச் சிவந்திருக்கும். முதல் கதிரை உரிக்கிற நாளில் லயத்துப் பெண்கள் எல்லாரும் கொழுந்துக் கூடையோடு வந்து நிற்பார்கள். அக்கா ஒரு கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடுங்கடி, என்ன கலருன்னு சொல்லுங்க பாப்போம்" என்பாள். நான் சொல்வது எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

பிறகு அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் லயம் லயமாக இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கோச்சி ரயிலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல் ஏறி, அக்கா கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். புறப்படும்போது ஒரு கதிரைப் பழைய துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். தானும் ஒரு முடிச்சு விதை வைத்திருந்தாள்.

"இத அழிய விட்டுறாதடி. அங்க மண்ணு எப்புடியோ, தண்ணி எப்புடியோ" என்றாள். வேறு எதுவும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு அப்போது மண் ஏது? கடைக்குப் பின்னால் சீமெந்துத் தரைதான். கதிரைப் பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். குண்டசாலைக்கு வந்த பிறகும் மண்ணைக் கொத்தித் துப்புரவாக்க நாளானது. அதற்குள் ஒரு நாள் எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் வீட்டைத் தேடி வந்தார். ராமேசுவரக் கப்பலில் போவதும் வருவதுமாக வியாபாரம் செய்கிறவர். இங்கிருந்து கராம்பும் சோப்பும் கொண்டுபோவார். நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வோம்.

"ஒங்க அக்காவ பாத்தேங்க. வெதைய கேட்டாங்க" என்றார். "அவங்க கொண்டுபோனத மொத வருசமே மாடு மேஞ்சிருச்சாம். ஒரு மணி மிஞ்சலயாம். அங்க அவங்கள பேரு சொல்லி யாரு கூப்புடுறா? சிலோன்காரிங்கிறாங்க. அந்த சோளம் மட்டும் இருந்திருந்தா நாலு பேரு வந்து பாத்திருப்பாங்கன்னு சொல்லி அழுதாங்க. நான் தைப்பூசம் கழிச்சிப் போறேன். அப்ப மறக்காம குடுத்துவிடுங்க."

அவர் டீ குடித்துவிட்டுப் போன கையோடு டின்னைத் திறந்தேன். பாதிக்கு மேல் வண்டு குடைந்து மாவாகக் கிடந்தது. நல்ல மணி ஒரு பிடிகூடத் தேறவில்லை. அதை அப்படியே அனுப்பி, அங்கே மறுபடி மாடு மேய்ந்தால் உலகத்தில் அந்தச் சோளமே இல்லை. அதனால் எல்லாவற்றையும் நானே இங்கே போட்டு, புது விதை எடுத்து அனுப்புவது என்று முடிவு கட்டினேன். அக்கா என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். இதில் தோற்றால் நான் என்ன தங்கச்சி?

எங்கள் ஆட்கள் நல்ல நாள் பார்க்காமல் விதையை மண்ணில் போட மாட்டார்கள். கண்டிக்குப் போய்க் கோயில் ஐயரிடம் கேட்கலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மாவின் விறாந்தையில் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கலண்டர் ஒன்று தொங்கும். வேறு வழியில்லாமல் அங்கே போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்த்தார்.

"வாற வியாழக்கிழமை திறம் நாள், பிள்ளை. காலமை வெயில் ஏற முன்னம் போடுங்கோ. என்ன விதைக்கப் போறியள்?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே? "சோளம்" என்றேன்.

"ஓமே? அப்ப நானும் கொஞ்சம் போடுவம். எங்கட வளவிலையும் அந்த மூலை சும்மாதானே கிடக்குது."

வியாழக்கிழமை காலை நான் இந்தப் பக்கம் குனிந்து விதை போடுகிறேன், அவர் அந்தப் பக்கம் குனிந்து விதை போடுகிறார். அவருடையது டவுன் கடையில் வாங்கிய மஞ்சள் சோளம். நான் தேடிப் போய்க் கேட்டு வாங்கிய நல்ல நாளில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போட்டால் ஆகாதா? அடுத்த வாரம் போட்டால் முளைக்காதா? அன்றைக்கு இது எனக்கு வெறும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அந்த ஒரே நாள் என்ன வேலை செய்யப்போகிறது என்று எனக்கு எங்கே தெரியும்!

இரண்டு பக்கமும் முளைத்தது. என்னுடையது முழங்கால் உயரம் வந்தபோது அவருடையது இடுப்பு உயரம் நின்றது. என்னுடையது இடுப்புக்கு வந்தபோது அவருடையதற்குள் அவர் போனால் கொண்டைகூடத் தெரியாது. ஆட்டெரு போட்டாராம். நானும் மாட்டுச்சாணம் போட்டேன், சாம்பல் போட்டேன், தேயிலைச் சக்கை போட்டேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வேலியோரம் போய் நின்று இரண்டு பக்கத்தையும் கண்ணாலேயே அளப்பேன்.

"நீ சோளத்தப் பாக்குறியா, வேலிக்கு அந்தப் பக்கத்தப் பாக்குறியா?" என்று வீட்டுக்காரர் வாயில் பிரஷோடு கேட்பார்.

"ரெண்டையும்தான் பாக்குறேன். ஒங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அவங்க சோளம் ஒன் கண்ணுக்குத் தப்பிச்சு நிக்குதே, அதச் சொல்றேன்."

மனதுக்குள் நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன்: வளரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும். உரிக்கிற நாளில் தெரியும் யார் சோளம் என்று. அவர் உரித்தால் மஞ்சள். நான் உரித்தால் ஒழுங்கையே வாயைப் பிளந்து நிற்கும். அந்த நாளுக்காகவே நான் பொறுமையாக இருந்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாரத்தில் பூ வந்தது. சோளத்துக்கு உச்சியில் கொண்டைப் பூ, கீழே கதிரின் நுனியில் பட்டு நூல் மாதிரி முடி. மேலே இருக்கிற பூவின் தூள் கீழே முடியில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். அந்த வாரம் மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து ஒரே காற்று. என் செடிகளை ஆட்டோ ஆட்டென்று ஆட்டிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனது. விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த தபாலதிபர் ஐயா பேப்பரை உதறி உதறித் தூசி தட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்கழி பிறந்து, கதிர்கள் பால் பிடித்திருந்த நேரம் பார்த்துப் புசல்லாவையில் பெரியப்பா மகன் இறந்துபோனார். நாங்கள் இரண்டு பேரும் போகாமல் முடியாது. இராத்தங்கித்தான் வர வேண்டும். குண்டசாலையில் குரங்குத் தொல்லை தெரிந்ததுதானே. கிளம்பும்போது வேலியோரம் போய், "அம்மா, கொரங்கு வந்தா கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன்.

"அதுக்கென்ன பிள்ளை, இவர் வீட்டிலதானே நிக்கிறார். நீங்கள் யோசிக்காமல் போயிட்டு வாங்கோ."

யோசிக்காமல் போனேன். வெளிக் கேட்டை மட்டும் நன்றாகப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது சோளம் இருந்த இடத்தில் சோளம் இல்லை. செடிகள் முறிந்து படுத்துக் கிடந்தன. குரங்கு ஒழுங்காகத் தின்றாலாவது பரவாயில்லை, ஒவ்வொரு கதிரையும் ஒரு கடி கடித்து எறிந்திருந்தது. பால் மணியெல்லாம் நசுங்கி ஈ மொய்த்தது. நான் பையைக் கீழே வைப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. இவர் தகரத்தை அடிச்சு அடிச்சுக் கலைச்சவர். எங்கட பக்கத்தாலை ஓடினதுகள் நேர உங்கட பக்கம் பூந்திட்டுதுகள்."

அவர்கள் தோட்டத்தைப் பார்த்தேன். ஒரு செடிகூட வளையவில்லை.

"அப்ப எங்க பக்கம் வந்து அடிச்சிருக்கலாமுல்ல?"

"கேட் பூட்டிக் கிடந்ததெல்லோ, பிள்ளை. முள்ளுக்கம்பியாலை இவர் எப்பிடி ஏறுறது, இந்த வயசிலை?"

சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. தகரம் அடித்து என் பக்கம் துரத்திவிட்டது அவர்கள், பூட்டிய குற்றம் என்னுடையது. எப்போதும் இப்படித்தான், அவர்கள் பக்கத்தில்தான் நியாயமும் இருக்கும்.

கீழே கிடந்ததில் நல்லதாகப் பார்த்து சில கதிர்களை வெயிலில் காயவைத்தேன். மணிகள் சுருங்கித் தோலாகப் போயின. ஒன்றுகூட முற்றவில்லை. அன்றைக்கு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தைக்காமல் அழுதேன். அக்காவின் சோளம் என் கையில் அழிந்துவிட்டது. கடல் தாண்டிப் போனவளுக்கு ஒரு பிடி விதை கொடுக்க எனக்கு வக்கில்லை. கப்பல்காரர் வந்து நின்றால் என்ன முகத்தோடு கேட்டைத் திறப்பேன்?

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. "பிள்ளை! இஞ்ச ஓடி வாங்கோ! வந்து பாருங்கோ இதை!"

போனேன். அவர் கையில் ஒரு கதிர், பாதி உரித்தபடி. மஞ்சள் மணிகளுக்கு நடுவே ஒன்று நீலம். தள்ளி இரண்டு கறுப்பு. அடுத்த வரிசையில் ஊதா. இன்னொன்றை உரித்தார், அதிலும் அப்படியே.

ஒழுங்கையே கூடிவிட்டது. யார் வாயைப் பிளப்பார்கள் என்று நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேனோ அவர்கள் எல்லாரும் வந்து வாயைப் பிளந்தார்கள், வேலிக்கு அந்தப் பக்கம். சைக்கிளில் காய்கறி வாங்க வருகிற மடவளை ஊர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அல்லாஹ்வே, இது என்ன கலர்! நான் எத்தன வருசமா யாவாரம் செய்றன், இப்பிடி ஒரு சோளம் கண்டதில்ல. அம்மாட கையில மண்ணே கலர் அடிக்குது பாருங்க! எல்லாத்தையும் எனக்கே தாங்கம்மா, கட்டுகஸ்தோட்டைச் சந்தையில வெச்சா சனம் அள்ளிக்கிட்டுப் போகும்."

அம்மாட கையாம்! என் அக்காவின் நீலம் அது. லயத்துச் சரிவில் கண்ணை மூடி நான் தப்பாகச் சொன்ன அதே நீலம். தபாலதிபர் ஐயாதான் கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது எங்கட கையுமில்லை, மண்ணுமில்லை. காத்து. பிள்ளையின்ர பக்கத்துப் பூத்தூள் பறந்து வந்து எங்கட கதிரிலை விழுந்திருக்குது. ரெண்டும் ஒரே நாளிலை போட்டதெல்லோ? ரெண்டும் ஒரே நேரம் பூத்தது. ரெண்டு கிழமை பிந்திப் போட்டிருந்தா இப்பிடி வந்திராது."

"அப்ப அது எங்களுதுங்க" என்றேன் நான்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நல்ல பகிடி விட்டேனாம். நான் சிரிக்கவில்லை. ஒரு கதிர் விடாமல் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். அந்தச் சிவப்பு எதிலும் இல்லை. நீலமும் கறுப்பும்தான் அவருக்குப் போயிருந்தன, மருதாணிச் சிவப்பு போகவில்லை. அந்த மட்டிலாவது ஒரு திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

"போய்க் கேளு. கேட்டா குடுப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"நான் கேக்க மாட்டேன்."

"அப்ப நான் கேக்குறேன்."

"நீங்களும் கேக்கக்கூடாது."

"அப்ப ஒங்க அக்காவுக்கு என்னத்தடி குடுத்துவிடுவ? கடையிலருந்து ஒரு கிலோ ஆணி கட்டிக் குடுப்போமா?"

எனக்குத் தெரியாதா கேட்க வேண்டும் என்று? அக்காவின் விதை இனி இந்த உலகத்தில் இருப்பது அந்த வீட்டில் மட்டும்தான். ஆனால் என் பொருளை நான் போய்ப் பிச்சை மாதிரிக் கேட்டு, அவர் பெரிய மனதோடு தர, அதை ஒழுங்கை பார்த்துப் பூரிக்க, அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மடவளை நானா ஒவ்வொரு தடவை அந்தக் கேட்டடியில் மணியடிக்கும்போதும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன், சாக்கில் என்ன போகிறது என்று.

பொங்கலன்றைக்கு அந்த வீட்டுக் குசினியிலிருந்து சோளம் அவிக்கிற வாசனை வந்தது. நான் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே அகப்பையோடு நின்றுவிட்டேன். பொங்கலன்று அக்கம்பக்கம் பொங்கல் கொடுக்கிறது வழக்கம்தானே. சாமிக்குப் படைத்த கையோடு ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன், இலை போட்டு மூடக்கூட இல்லை.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் அவித்த சோளம், பக்கத்தில் தேங்காய்ப்பூவும் சீனியும். "கொஞ்சம் முத்தித்தான் போச்சு, நல்லா அவிய விட்டனான். சாப்பிடுங்கோ."

மேலே இருந்த கதிரில் ஒரே ஒரு நீல மணி. வெந்து வெளுத்துப்போய், ஆனாலும் நீலம்தான். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் அறுந்துபோனது.

"அவிச்சிட்டீங்களா? எல்லாத்தையும் அவிச்சிட்டீங்களா? அது எங்க அக்கா வெதைங்க! அவ அங்க இருந்து கேட்டு ஆள் அனுப்பியிருக்கா. நான் யாருகிட்ட போய் நிப்பேன்? ஒங்களுக்குத்தான் எல்லாம் இருக்கே, இதையும் உப்புப் போட்டு அவிச்சித் திங்கணுமா?"

ஒரு நல்ல நாளும் அதுவுமாக, அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். தபாலதிபர் ஐயா பேப்பரை மடித்துவிட்டு மெதுவாக முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டார். அந்த அம்மா தட்டை ஓரமாக வைத்தார். என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

அடுப்புக்கு மேலே, புகை படுகிற உயரத்தில், ஒரு கம்பு கட்டியிருந்தது. அதில் தோலோடு பின்னிப் பின்னித் தொங்கவிட்ட கதிர்கள். நீலமும் கறுப்பும் ஊதாவும் கூடுதலாக விழுந்த கதிர்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவை. எல்லாம் நன்றாக முற்றிக் காய்ந்திருந்தன.

"ஒண்டு ரெண்டு மணி விழுந்ததைத்தான் அவிச்சனான். இது உங்கட. மடவளை நானா காசு கூடத் தாறன் எண்டு நிண்டவர். இது என்ர இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர எண்டு சொல்லிப் போட்டன்." பின்னலில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்கள் வந்து கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் வரேல்லை. நானே கொண்டுவந்து தந்தா ஏதும் பிழையா நினைப்பியளோ எண்டுதான் பேசாமல் இருந்திட்டன்."

அவர் தர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆயுளுக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கும். அதையும் கெடுத்தார். என் அக்காவின் விதையை என்னைவிட நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார். என்னிடம் பிஸ்கட் டின்னும் வண்டும். இவரிடம் புகையும் பின்னலும். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, எரிச்சலிலும் வந்தது. எது எவ்வளவு என்று கேட்டால், உண்மையைச் சொல்வதானால் எரிச்சல்தான் ஒரு பங்கு கூட. தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ருசியாகவும் இருந்தது, அதுவும் ஒரு எரிச்சல்.

தைப்பூசம் கழித்துக் கப்பல்காரர் வந்தார். மணிகளை உதிர்த்து, பையில் போட்டு, வாயை நானே தைத்துக் கொடுத்தேன். கூடவே பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றியும் கொடுத்தேன். நல்ல நாளைப் பங்கு போட்டது, ஆட்டெரு, தகரம், குரங்கு, மடவளை நானா, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டது வரை ஒன்றையும் விடாமல் கொட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க, சரிங்க, அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்றேன்" என்றார்.

சொன்னார் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் திட்டிய திட்டெல்லாம் கடலைத் தாண்டுகிறபோது எப்படியோ புகழ்ச்சியாக மாறிவிட்டது.

ஆவணியில் அவர் திரும்பி வந்தார். கேட்டைத் திறக்கும்போதே சிரித்த முகம். "வந்திருச்சுங்க! ஒங்க அக்கா வீட்டு வாசல்ல ஆளுயரத்துக்கு நிக்குது. நீலம், கறுப்பு, எல்லாம். மணிக்குள்ள ஒளிஞ்சிருந்த சிவப்புகூட வந்திருக்குன்னு சொல்லச் சொன்னாங்க. சுத்துவட்டாரமே வந்து பாத்துட்டுப் போகுது. சிலோன்காரி சோளம்னு பேரு வெச்சிட்டாங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. அக்கா அங்கே ஒரு கதிரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, கேட்டுக்கொண்டு நிற்பது அப்படியே தெரிந்தது. அவர் பையைத் திறந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். சேலை. கத்தரிப்பூ நிறம், மெல்லிய ஜரிகைக் கரை. அக்கா கூலி வேலைதான் செய்கிறாள். அவள் அதற்கு எத்தனை மாதம் மிச்சம் பிடித்திருப்பாளோ என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

"இது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவுக்குங்க" என்றார். "அவங்க மட்டும் இல்லேன்னா நம்ம வெத போயிருக்கும், என் பேரச் சொல்லி நீங்களே அவங்க கையில குடுத்துறுங்கன்னாங்க."

நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் சேலையின் கரையைத் தடவினேன். பிறகு கேட்டே விட்டேன். "எனக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணும் குடுக்கலீங்க. நானும் கேட்டேன், தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையான்னு. சிரிக்கிறாங்க. 'அவளுக்கு என்னத்துக்கு? அவ வேற, நான் வேறயா? என் கைக்கு நானே வளவி வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிரும்'னாங்க."

"பாத்தியா, எவ்வளவு பெரிய வார்த்தை!" என்று வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். கப்பல்காரரும் தலையாட்டினார். நான் உள்ளே போய் டீ ஊற்றினேன்.

அன்று மாலையே சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எனக்கேன் பிள்ளை இதெல்லாம்?" என்று அந்த அம்மா மறுத்து மறுத்து, கடைசியில் கண் கலங்கி வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். அந்த நிறம் அவருக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. எனக்கு இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். அக்காவும் நானும் ஒரே நிறம்.

அதன் பிறகு கொஞ்ச காலத்தில் கப்பல் நின்றுபோனது. அக்காவை நான் பார்க்கவே இல்லை. அவள் சொன்னது பெரிய வார்த்தைதான், எனக்குத் தெரியாதா? அவளும் நானும் வேறில்லை என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். மூக்கைத் துடைக்க ஒரு லேஞ்சியாவது குடுத்துவிட்டிருக்கலாம்.